மச்சான் கொடுத்த மஞ்சள் கோட்டு

சுருளியம்மாளைப் பயந்தாங்கொள்ளி என்று தேயிலை எஸ்டேட்டின் மேல்டிவிஷன் லயத்து வீடுகளில் ஒருவரும் சொல்ல முடியாது. காலில் ஏழெட்டு அட்டை ஏறினாலும் கொழுந்து கிள்ளுகிற கையை நிறுத்த மாட்டாள். யானை வந்து கொல்லைப்புறத்து வாழையைப் பிடுங்கிக்கொண்டிருந்த அன்றைக்கும் கதவைச் சாத்திவிட்டு உலை வைத்தவள் அவள். அவளுடைய பயமெல்லாம் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் மேல்தான். ஆனால் அந்த ஒரு பயம் மற்றவர்களுடைய பத்துப் பயத்துக்குச் சமம்.

அது எஸ்டேட்டு வண்டி. ஓட்டுகிறவன் அவள் புருஷன் வீரபாண்டி. மேல் ஆபீசிலிருந்து சித்திரபுரம் தபாலாபீசுக்குக் காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. போகும்போது ஆபீஸ் கடிதங்கள், தேயிலைச் சாம்பிள் டப்பாக்கள். வரும்போது கம்பத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் சனங்களுக்கு வருகிற கடிதம், மணியார்டர், எப்போதாவது தந்தி. இதற்காக அவன் இறங்கி ஏறுகிற ரோடு ஒரு லாரி அகலம்தான் இருக்கும். ஒரு பக்கம் பாறை, பாறையின் காலடியில் தண்ணீர் ஓடுகிற ஓடை. மறு பக்கம் எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம். நடுவில் பதினோரு வளைவு. ஆனி ஆடி மாதங்களில் மூடுபனி இறங்கினால் முன்னால் நடக்கிறவளுடைய முதுகுக் கூடைகூடத் தெரியாது.

வீரபாண்டி அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிற லட்சணம் ஊருக்கெல்லாம் வேடிக்கை. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்துவான். ஆரன் அடிப்பான். காதைக் கொடுத்துக் கேட்பான். கீழேயோ மேலேயோ லாரி முனகுகிற சத்தம் கேட்டால் போதும், வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஓடைக்குள் இறக்கி, லாரி தாண்டுகிற வரைக்கும் பாறையோடு பாறையாக ஒட்டி நிற்பான். "நம்ம வீரபாண்டி கையில தந்தி வந்தா, காய்ச்சல்னு வந்த தந்திக்குக் கருமாதிக்குத்தான் போக முடியும்" என்று ஆபீஸ் ரைட்டர் சொல்லிச் சிரிப்பார். சுருளியம்மாளுக்குக்கூட உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கம்தான். ஆம்பளை இப்படியா பயப்படுவான் என்று நினைத்துக்கொள்வாள். தான் மட்டும் மேலே தேயிலைக்காட்டில் நின்றுகொண்டு, எந்த வளைவில் சத்தம் கேட்கிறது என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பதை மறந்துவிடுவாள்.

எழுபத்தேழாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் பக்கத்து எஸ்டேட்டு எலக்ட்ரீசியன் ஒருவன் பனிக்குள் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அவனும் மோட்டார் சைக்கிள்தான். அடித்த டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்து, "கறுப்பா ரெயின்கோட்டு போட்டிருந்தான், பாறையும் கறுப்பு, ரோடும் கறுப்பு, எனக்கு எங்க தெரியும்" என்று ஒரே பாட்டாகப் பாடினானாம். அந்தப் பேச்சு லயத்துக்கு வந்து சேர்ந்தபோது சுருளியம்மாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வீரபாண்டியின் ரெயின்கோட்டைப் பார்த்தாள். அதுவும் கறுப்பு. எஸ்டேட்டில் கொடுத்தது. கொடியிலிருந்து அதை உருவிச் சுருட்டி மூலையில் போட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் அண்ணன் ராக்கப்பன் வீட்டுக்கு ஓடினாள். ராக்கப்பன் ரோட்டு கேங்கில் வேலை செய்கிறவன். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அள்ளிப்போடுவது, கரை உடைந்தால் கல் அடுக்குவது அவர்கள் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேங்கு ஆட்களுக்கு மஞ்சளில் மெழுகுத்துணிக் கோட்டு வந்தது. பூசணிப்பூ மஞ்சள். எத்தனை பனி இறங்கினாலும் பளிச்சென்று தெரியும்.

"அண்ணே, உன் கோட்ட எனக்குக் குடு."

"எதுக்கு ஆத்தா? நீ போட்டுக்கிட்டுக் கொழுந்து எடுக்கப் போறியா?"

"உன் மாப்பிள்ளைக்கு. அந்தக் கறுப்ப இனிமே அவரு மேல போட விடமாட்டேன்."

ராக்கப்பன் தலையைச் சொறிந்தான். கோட்டு கேங்குக் கணக்கில் இருக்கிறது, கேட்டால் என்ன சொல்வது என்று இழுத்தான். சுருளியம்மாள் மூக்கைச் சிந்தினாள். தங்கச்சி அழுதால் தாங்காதவன் அவன். பழசு ஒன்று கிழிந்து கிடக்கிறது, அதைத் தைத்து நான் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் புதுசை எடுத்துக் கொடுத்தான்.

"இது வந்த நாள்லருந்து எங்க கேங்குல ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல ஆத்தா. அதுக்கு முந்தி வருஷத்துக்கு ஒரு ஆளு போயிக்கிட்டிருந்தான். லாரிக்காரன் மஞ்சளப் பாத்ததும் கேங்கு ஆளுன்னு தெரிஞ்சுக்கிடுவான். நாங்களும் சத்தம் கேட்டதும் ஓடைக்குள்ள எறங்கிருவோம். அவன் பாட்டுக்குப் போயிருவான்."

சுருளியம்மாள் முதல் வார்த்தையை மட்டும்தான் கேட்டாள். ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்லை. மற்றது அவள் காதில் ஏறவே இல்லை. சாமி கொடுத்த துணி மாதிரி அந்தக் கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

வீரபாண்டி முதலில் போட மாட்டேன் என்றான். "என்னயப் பாத்து ஊரு சிரிக்கவா?" என்று கத்தினான். அவள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கு மேல் அவன் என்ன பேசுவான்? திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற நேரத்தில் மஞ்சள் கோட்டோடு அவன் கடந்து போனதும் பெண்கள் கூட்டம் மொத்தமும் சிரித்தது. "மஞ்சத்தண்ணி மாப்பிள்ளை போறாருடி" என்று செபமாலையம்மாள் குரல் கொடுத்தாள். செபமாலையம்மாள் அடுத்த வீட்டுக்காரி, வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள். வீரபாண்டி காது மடல் சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

ஆனால் சுருளியம்மாளுக்கு அன்றைக்குத்தான் வயிற்றில் சோறு தங்கியது. மேலே காட்டிலிருந்து பார்த்தால் பனி விலகுகிற இடத்திலெல்லாம் அந்த மஞ்சள் தெரிந்தது. மூன்றாம் வளைவில் ஒரு பொட்டு, ஐந்தாம் வளைவில் ஒரு பொட்டு. எனக்கே இங்கிருந்து தெரிகிறதே, லாரிக்காரனுக்குத் தெரியாதா என்று நினைத்தாள். கல்யாணமான எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் எண்ணுவதை மறந்து கொழுந்து எடுத்தாள்.

பத்து நாளில் வீரபாண்டிக்கும் கோட்டு பிடித்துப்போயிற்று. எதிரே வருகிற லாரிகள் தூரத்திலேயே ஆரன் அடிக்கின்றன, முன்பெல்லாம் கிட்டே வந்த பிறகுதான் அடிப்பார்கள் என்றான். மதியத் தபால் முன்னைவிட அரை மணி நேரம் முந்தி வர ஆரம்பித்தது. ரைட்டர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாராம். சுருளியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. சீக்கிரம் எப்படி வருகிறான் என்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. புருஷன் நேரத்தோடு வீட்டுக்கு வந்தால் எந்தப் பொம்பளை அதைப் போய் ஆராய்ச்சி பண்ணுவாள்?

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். அட்டைக் கடியில் சுருளியம்மாளுக்கு வலது கால் பழுத்துவிட்டது. வீங்கி, ஊன்ற முடியாமல் போயிற்று. டிஸ்பென்சரி கீழே, பேக்டரிக்குப் பக்கத்தில். கங்காணி இரக்கப்பட்டு, கொழுந்து ஏற்றிக்கொண்டு இறங்குகிற லாரியில் முன்னால் உட்கார்ந்து போகச் சொன்னார். டிரைவர் பெரியமுத்து நல்ல மனுஷன். இருபது வருஷமாக அந்த ரோட்டில் லாரி ஓட்டுகிறவன். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று பேர்.

"காலத் தூக்கி அந்தச் சாக்கு மேல வச்சுக்க தாயி. ஆட்டத்துல வலிக்கும்" என்றான்.

மணி பதினொன்று. பகல்தான், ஆனால் பனி அப்படி இறங்கியிருந்தது. கண்ணாடியைத் துடைக்கிற தகடு க்ரீச் க்ரீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. அது துடைத்துவிட்டுப் போன ஒரு நொடிக்கு ரோடு தெரியும், மறு நொடி மறையும். பின்னால் கொழுந்து மூட்டைகளின் பாரம் லாரியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பெரியமுத்து இரண்டாம் கியரில் முனகவிட்டுக் கொண்டுபோனான். சுருளியம்மாள் லாரியின் முன்பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ரோடு இத்தனை ஒடுக்கமாகவா இருக்கிறது என்று தோன்றியது. இதிலா இவர் தினமும் போய் வருகிறார் என்று நினைத்ததும் பழைய பயம் திரும்ப வந்தது. உடனே கோட்டை நினைத்துக்கொண்டாள். மனசு சமாதானமாயிற்று.

ஆறாம் வளைவு திரும்பினார்கள். ஏழாம் வளைவுக்கு முன்னால் ரோடு கொஞ்ச தூரம் நேராக ஓடும். அந்த இடத்தில்தான் மூன்று நாளாக மண் சரிந்து கிடந்தது. ராக்கப்பனுடைய கேங்கு அங்கே வேலை செய்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலமே வேலை முடிந்து அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டது தெரியாது.

"அங்கன மஞ்சளாத் தெரியுதே, என்னா அது?" என்றான் பெரியமுத்து. அவன் கால் பிரேக்கின் மேல் போயிற்று.

சுருளியம்மாளும் பார்த்தாள். பனிக்குள், ஓடைப் பக்கமாக, ஒரு மஞ்சள். ஆள் உயரம். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கண்ணன்தான். மூணு நாளா அங்கனதான் மண்ணு வெட்டுறாக. நீங்க போங்கண்ணே, அவரு ஒதுங்கிக்கிடுவாரு."

பெரியமுத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். சுருளியம்மாள் அண்ணனுக்குக் காட்டுவதற்காக வலது கையை உயர்த்தினாள்.

நிற்கிற ஆள் லாரி கிட்டே போகப் போக மெதுவாகத்தான் பெரிதாவான். இது அப்படி ஆகவில்லை. துடைக்கிற தகடு ஒரு தடவை போய் வருவதற்குள் அந்த மஞ்சள் இரண்டு மடங்காகிவிட்டது. அடுத்த தடவை தகடு விலகியபோது மஞ்சளுக்குக் கீழே ஒரு சக்கரம் தெரிந்தது. உயர்த்திய கை உயர்த்தியபடியே இருந்தது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பெரியமுத்து "முருகா" என்று கத்திக்கொண்டு எழுந்து நின்றே பிரேக்கை மிதித்தான். லாரி பின்பக்கத்தை வீசிக்கொண்டு வழுக்கியது. முன்னால் ஒரு இரும்புச் சத்தம். கொழுந்து மூட்டை ஒன்று கூரைமேல் உருண்டு வந்து கண்ணாடியை மறைத்தது. பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

காலில் சீழ் இருந்ததும் ஊன்ற முடியாததும் அவளுக்கு நினைவே இல்லை. எப்படி இறங்கினாள் என்று பிறகு கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் பம்பருக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. கடிதங்கள் ஓடைத் தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. வீரபாண்டி ஓடைக்குள் பாறையில் சாய்ந்து கிடந்தான். தொடை எலும்பு முறிந்து கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் உதடு அசைந்தது.

பெரியமுத்து மண்டியிட்டு உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "நிக்கிற ஆளுன்னுல்ல நெனச்சேன். ஓடி வர்ற வண்டின்னு நெனைக்கலயே. ஒரு லைட்டு எரிஞ்சிருந்தாக்கூட வண்டின்னு தெரிஞ்சிருக்குமே." பகலில் லைட்டு போட்டுக்கொண்டு யார் போகிறார்கள்? தெரியாமல் எரியவிட்டால்கூட எதிரே வருகிறவனெல்லாம் விரலைக் குவித்து விரித்து, லைட்டை அணை, லைட்டை அணை என்று காட்டிவிட்டுப் போவான். வீரபாண்டியும் எல்லோரையும் போல அணைத்துவைத்துத்தான் ஓட்டினான்.

உயிர் தப்பியது. தொடைக்குக் கட்டுப் போட்டு இரண்டரை மாதம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாளே மேனேஜர் தொரை பெரியமுத்துவை ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். சுருளியம்மாள் வெளியே வராந்தாவில் நின்றாள். உள்ளே பெரியமுத்து சொல்வது சன்னலில் கேட்டது.

"மஞ்சக்கோட்டு போட்டிருந்ததால தூரத்துலயே தெரிஞ்சதுங்க. அந்தப் பொண்ணு பாத்ததும் 'எம் புருசன்'னு கத்திருச்சு. அதாங்க பிரேக்கு போட்டேன். இல்லாட்டி ஆளு கூழாப் போயிருப்பாருங்க."

சுருளியம்மாள் சன்னலை விட்டு விலகினாள். வெளியே வந்த பெரியமுத்து அவளைப் பார்த்ததும் நின்றான். கண் கலங்கியிருந்தது. "நீ சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லல தாயி" என்றான் தணிந்த குரலில். "நீயும் சொல்லாத. எனக்கு லைசென்சு போயிரும். உனக்கும் நல்லதில்ல." அவன் சொன்னதில் பாதி அவளுக்காக, பாதி தனக்காக. அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

அன்றைக்கே கதை லயம் முழுக்கப் பரவிவிட்டது. பொண்டாட்டி பாத்துக் கொடுத்த கோட்டு, பொண்டாட்டி போட்ட சத்தம், புருஷன் உயிரு மிஞ்சியது. செபமாலையம்மாள் வந்து அவள் தாடையைத் தடவி நெட்டி முறித்தாள். தொரை சந்தோஷப்பட்டு, எஸ்டேட்டில் வண்டி ஓட்டுகிற நாலு பேருக்கும் மஞ்சள் கோட்டு வரவழைத்துவிட்டார். ராக்கப்பனை யாரும் திட்டவில்லை, கேங்குக் கணக்கில் வேறு கோட்டே கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வாழ்த்தும் சுருளியம்மாளுக்குச் சாட்டையடியாக விழுந்தது. சிரித்தாள். ராத்திரி தூக்கத்தில் கையை உயர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

இதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொம்பளை மனசில் புதைத்துவைக்க இடமா இல்லை? ஆனால் ஒருநாள் ஆஸ்பத்திரியில் வீரபாண்டி, பார்க்க வந்த ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

"லாரி சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சுப்பா. முன்னன்னா வண்டியத் தள்ளிக்கிட்டு ஓடைக்குள்ள எறங்கிருப்பேன். இப்ப எதுக்கு எறங்கணும்? மஞ்சக்கோட்டு போட்டிருக்கேன், அவன் பாத்துக்கிடுவான்னுதான் அப்படியே வந்தேன். பாத்துப்புட்டான்ல? எம் பொண்டாட்டி கத்திட்டால்ல? இனிமே எனக்கு அந்த ரோட்டுல ஒரு பயமும் இல்ல."

கையிலிருந்த கஞ்சித் தூக்கைத் தரையில் வைத்தாள். எட்டு வருஷம் இந்த மனுஷனை அந்த ரோட்டில் உயிரோடு வைத்திருந்தது எது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊரே சிரித்த அந்தப் பயம்தான். அவளும் வெட்கப்பட்ட அந்தப் பயம்தான். அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஒரு மஞ்சள் துணியை மாட்டி அனுப்பியது யார்? அவள்தான். இப்போது அவன் பயமில்லாமல் திரும்பப் போகப்போகிறான். அடுத்த லாரியில் வேறு யாராவது, அது கேங்கு ஆள்தான், நீ போ என்று சொல்வார்கள்.

சொல்லவேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் என்ன ஆகும் என்றும் நினைத்தாள். புருஷனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே லாரியை ஏற்றச் சொன்னவள் என்று ஆகிவிடும். அவன் முகத்தில் விழிக்க முடியுமா? பெரியமுத்து பிழைப்பு போகும். ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். கட்டுப் பிரித்தார்கள். கம்பு ஊன்றி நடந்தான். கம்பில்லாமல் நடந்தான். ஐப்பசி மழையும் வந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீசிலிருந்து வண்டியை லயத்து வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். பெரட்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. பனி வாசலைத் தாண்டி ஒன்றும் தெரியாதபடி இறங்கிக் கிடந்தது. புது மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தான். சத்தம் எழுந்தது. பழைய நாட்களில் கிளம்பும்போது ஒரு தடவை பள்ளத்தைப் பார்த்து முகத்தைச் சுளிப்பான். அன்றைக்குச் சீட்டியடித்தான்.

அந்தச் சீட்டியைக் கேட்டதும் சுருளியம்மாள் ஓடிப்போய்ச் சாவியைத் திருகி வண்டியை அணைத்துவிட்டாள்.

"கிறுக்கச்சி, கெளம்புறப்ப மறிக்கிறியே!" என்று அவன் கை ஓங்கினான். "மொத நாளும் அதுவுமா!"

"அடிங்க. அடிச்சுட்டுக் கேளுங்க. நான் கத்தல."

"என்னா கத்தல?"

"அன்னைக்கு லாரிக்குள்ள. நான் கத்தவே இல்ல. பெரியமுத்தண்ணே மஞ்சளாத் தெரியுதே என்னான்னு கேட்டாரு. பிரேக்குல கால வச்சாரு. நான்தான்… எங்கண்ணன் நிக்குது, ஒதுங்கிக்கிடும், நீங்க போங்கன்னு சொன்னேன். அவரு பிரேக்க விட்டுட்டாரு."

வீரபாண்டி சிரித்தான். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

"கை தூக்குனியே. நான் பாத்தேன். கண்ணாடிக்குள்ள உம் மூஞ்சி தெரிஞ்சுச்சு. என்னயப் பாத்துக் கை காட்டுறன்னுல்ல நெனச்சேன்."

"அண்ணனுக்குக் காட்டுனேன்."

அவன் வண்டியை விட்டு இறங்கவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தான். "எம்புட்டுத் தூரத்துல?" என்று கேட்டான்.

"மொதல்ல பாத்தப்ப வேலிக்கு அங்கிட்டு இருக்குற குழாயடி தூரம். அப்புறம் இந்த வேலி தூரம். அப்பவும் எங்கண்ணன்னுதான் நெனச்சேன்." அவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "எட்டு வருசமா உங்க தோளு எப்படி இருக்கும், தல எப்படி ஆடும்னு பாத்துக்கிட்டுக் கெடக்குறவ நான். எனக்கே நீங்கன்னு தெரியல. எவனோ ஒரு லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? அவன் மஞ்சளத்தான் பாப்பான். உங்களப் பாக்க மாட்டான்."

வீரபாண்டி வேலியைப் பார்த்தான். அது இருபதடி தூரம்கூட இருக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் கிடந்தது. அதற்குள்ளிருந்து எங்கேயோ ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. அவன் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. பழையபடி அவன் காதைக் கொடுத்துக் கேட்பதைச் சுருளியம்மாள் பார்த்தாள். நெற்றியில் வியர்த்திருந்தது. உதடு வறண்டு போயிருந்தது. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தான், பாதி கோட்டின் மேல் கொட்டியது.

"உங்கள யாருமே பாக்கலன்னு நெனச்சு ஓட்டுங்க" என்றாள். "கோட்டப் போடுங்க, போடாமப் போங்க. பகல்லயும் லைட்டப் போடுங்க, சிரிக்கிறவன் சிரிக்கட்டும். ஆனா ஒருத்தனும் பாக்கலன்னு நெனச்சு ஓட்டுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியை உதைத்து, லைட்டைப் போட்டான். கிளம்பவில்லை. லாரி ஏறி வந்து, லயத்தைத் தாண்டி, சத்தம் மேலே தேய்கிற வரைக்கும் அங்கேயே நின்றான். அதற்குப் பிறகு இரண்டு காலும் தரையில் உரச, நடை வேகத்தில், ஓடைப் பக்கமாகவே போனான். வேலியைத் தாண்டியதும் மஞ்சளும் தெரியவில்லை, வெளிச்சமும் தெரியவில்லை.

திரும்பி வந்தால் அவன் தன்னோடு பேசுவானா என்று சுருளியம்மாளுக்குத் தெரியாது. அண்ணன் வீட்டுக்குப் போ என்று சொன்னாலும் சொல்வான். அதையெல்லாம் நினைத்தால் அவளுக்கும் நடுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் முகத்தில் அந்தப் பயத்தைப் பார்த்தாள் அல்லவா, அது போதும். பேசாவிட்டால் போகிறான், பயந்துகொண்டு வீடு வந்து சேரட்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு நடந்தாள்.